இடது காலுக்குக் காசில்லை

ஸல்ஹாவுக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. வலது கால் போய்விட்டது. கட்டிலால் இறங்கின பிள்ளை அப்படியே மடிந்து விழுந்ததைப் பார்த்தபோது, சாப்பிடாத களைப்பு என்றுதான் தாய் றுக்கியா நினைத்தாள். டொக்டர் இளம்பிள்ளை வாதம் என்றார். மருந்தால் ஆகிற காரியமில்லை, பயிற்சி கொடுத்தால் நடக்கலாம் என்றார். அது 1969ஆம் ஆண்டு. அப்படிப் பயிற்சி கொடுக்கத் தெரிந்தவர் அப்போது திருகோணமலை டவுனில் புஷ்பவதி ஒருத்திதான். கொழும்பில் அந்தப் படிப்பைப் படித்துவிட்டு வந்து, துறைமுகத்துக்குப் போகிற தெருவில் வாடகை வீடொன்றின் முன்னறையில் பிள்ளைகளுக்குக் கால், கை பழக்கிக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் அவள் மிஸி.

றுக்கியாவின் வீடு குறிஞ்சாக்கேணியில். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தோணியில் கிண்ணியாவுக்கு வந்து, அங்கே பஸ்ஸோடு சேர்த்து ஆட்களை ஏற்றுகிற, பாதை என்று சொல்லும் மிதவையில் மறுகரைக்குப் போய், பிறகு டவுன் பஸ் பிடிக்கவேண்டும். செவ்வாயும் சனியும், கிழமைக்கு இரண்டு முறை. ஒரு முறைக்கு மிஸியின் கட்டணம் நாலு ரூபாய்.

புருசன் ஸஹாப்தீன் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பனியில் வின்ச் ஓட்டினான். தேயிலைப் பெட்டிகளை வள்ளத்தில் இருந்து கப்பலுக்கு ஏற்றுகிற வேலை. தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு வைத்தியச் செலவைக் கொடுக்க அந்தக் கம்பனியில் ஒரு நிதி இருந்தது. கம்பனியின் டவுன் கந்தோரில் கிளாக்கராக இருந்த சோமசேகரம் விண்ணப்பத்தை நிரப்பி, ஸஹாப்தீனின் கையெழுத்தை வாங்கிக் கொழும்பில் உள்ள தலைமைக் கந்தோருக்கு அனுப்பினார். இரண்டு மாதத்தில் காசு வரும் என்றார். அந்த நம்பிக்கையில் மிஸியும் கடனுக்குப் பழக்க ஒத்துக்கொண்டாள்.

முதல் நாலு மாதத்துக்கான பில் நூற்றிருபத்தெட்டு ரூபாய். அதை அனுப்பி ஐந்து மாதம் கழித்து அறுபத்து நாலு ரூபாயும் ஒரு கடிதமும் வந்தன. சோமசேகரம் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு விளங்கப்படுத்தினார். விண்ணப்பத்தில் நோயுற்ற உறுப்பு வலது கால் என்று இருக்கிறது. மிஸியின் பில்லிலோ இரண்டு காலுக்கும் பயிற்சி என்று இருக்கிறது. சுகமாக இருக்கிற இடது காலுக்கு நிதியில் இருந்து காசு கொடுக்க ஏலாது. ஆகவே பாதி.

மிஸி அந்தக் கடிதத்தைப் பார்த்து, ஒரு காலால் நடந்து போகிற ஆள் கொழும்பில் இருந்தால் தனக்கும் காட்டச் சொன்னாள். ஆனாலும் அடுத்த பில்லில் வலது கால் என்று மட்டும் எழுதினாள். அதற்கும் பதில் வந்தது. முன்பு இரண்டு காலுக்கு நாலு ரூபாய் எடுத்தவர் இப்போது ஒரு காலுக்கே நாலு ரூபாய் எடுப்பதேன், கட்டணம் இரண்டு மடங்கானதற்குக் காரணம் தெரிவிக்கவும்.

சோமசேகரம் நல்ல மனிதர். காரணத்தைத் தெரிவித்து மூன்று பக்கக் கடிதம் தன் கையாலேயே எழுதினார். எழுத்து அச்சடித்தது போல இருந்தது. எட்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு, விண்ணப்பப் படிவம் மாறியிருக்கிறது, புதுப் படிவத்தில் ஆரம்பத்தில் இருந்து நிரப்பி அனுப்பவும் என்று வந்தது. அவர் ஆரம்பத்தில் இருந்து நிரப்பினார்.

தேயிலைப் பெட்டி ஒன்றின் மூலை உடைந்தால் நட்டஈடு ஒரு மாதத்தில் வந்துவிடும் என்று ஸஹாப்தீன் ஒருநாள் சோறு தின்னும்போது சொன்னான். குறையாகச் சொல்லவில்லை. தெரிந்த விசயத்தைச் சொன்னான்.

இதற்கிடையில் ஸல்ஹா கடிதங்களுக்காகக் காத்திருக்கவில்லை. முதலில் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கதிரையைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். பிறகு கதிரை இல்லாமல், காலை இழுத்து இழுத்து நடந்தாள். அந்த இழுப்பை எடுக்கத்தான் மிஸிக்கும் றுக்கியாவுக்கும் ஒரு வருசம் சென்றது. முதலில் குதிக்கால், பிறகு விரல். குசினியிலும் முற்றத்திலும் கிணற்றடியிலும் றுக்கியா இதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள். இருபத்திரண்டு மாதத்தின் பின், இனி வரத் தேவையில்லை என்று மிஸி சொன்னாள். பாக்கி அறுநூற்று நாற்பது ரூபாய்.

அதற்கு அடுத்த மாதம்தான் கொழும்பில் இருந்து கடைசித் தாக்கீது வந்தது. கம்பனி டொக்டர் திருகோணமலைக் கந்தோருக்கு வருகிறார். பிள்ளையை நேரில் கொண்டுவந்து காட்டவும். கால் ஊனம் என்று டொக்டர் உறுதிப்படுத்தினால் பாக்கி முழுவதும் கொடுக்கப்படும்.

சோமசேகரம் றுக்கியாவைக் கந்தோர் வாசல் வரை கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளை முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். அவர் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, அண்டைக்குக் கொஞ்சம் நொண்டி நடக்கச் சொல்லுங்கோ. பொய்யில்லைத்தானே. நொண்டின பிள்ளைதானே."

றுக்கியா பிள்ளையைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். வீட்டில் ஸஹாப்தீனிடம் சொன்னபோது அவன் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தான். அறுநூற்று நாற்பது ரூபாய் என்றால் அவனுடைய இரண்டரை மாதச் சம்பளம்.

அந்த நாளன்று பாதையில் போகும்போது றுக்கியா பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, இன்றைக்கு டொக்டர் மாமாவுக்கு முன்னால் முந்தி நடந்த மாதிரிக் காலை இழுத்து நடந்து காட்டவேண்டும் என்றாள். ஒருநாள் மட்டும்தான் என்றாள். ஸல்ஹா தலையாட்டிவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து வயதுப் பிள்ளை. ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது என்று றுக்கியாவுக்குப் பட்டது.

கம்பனி டொக்டர் மேல்மாடி அறையில் இருந்தார். வயதானவர், தமிழர். அவருக்கு முன்னால் ஸல்ஹாவின் ஃபைல் ஒரு சாண் உயரத்துக்கு இருந்தது. கொஞ்சம் புரட்டிப் பார்த்துவிட்டு மூடிவைத்தார். கதவடியில் இருந்து யன்னல் வரை நடந்து காட்டச் சொன்னார்.

ஸல்ஹா கதவடியில் போய் நின்றாள். தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். பிறகு தாயின் பக்கம் திரும்பினாள்.

"எந்தக் கால் உம்மா?"

சோமசேகரம் யன்னலுக்கு வெளியே துறைமுகத்தைப் பார்க்கத் தொடங்கினார். டொக்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் றுக்கியாவைப் பார்த்தார். றுக்கியாவின் முகம் வெட்கத்தில் எரிந்தது. முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அந்த வெட்கத்துக்குள்ளேயே அவளுக்கு வேறொன்று உறைத்தது. பிள்ளைக்கு எந்தக் கால் என்றே மறந்துபோய்விட்டது. இந்த இரண்டு வருசமும் தான் கேட்டு அழுததெல்லாம் இதைத்தானே.

"ஒரு காலும் வேணாம் மகள்," என்றாள். "மிஸிக்கு நடந்து காட்டுற மாதிரி நட."

ஸல்ஹா நடந்தாள். முதலில் குதிக்கால், பிறகு விரல். யன்னல் வரை போய், சொல்லாமலே திரும்பியும் வந்தாள். டொக்டர் இரண்டு கெண்டைக்காலையும் நாடாவால் அளந்தார். வலது கால் அரை அங்குலம் மெலிவு. பிறகு அவர் றுக்கியாவிடம் கேட்டார்.

"இந்தப் பிள்ளை நடக்க ஏலாமல் இருந்தது உண்மையோ?"

"ஓம் ஐயா. ஒரு வருசம் தூக்கிக்கொண்டுதான் திரிஞ்சனான்."

"நான் நம்புறன். ஆனால் என்னட்டைக் கேட்டிருக்கிறது இப்ப நடக்க ஏலாதோ எண்டு மட்டும்தான்."

அவர் பேனாவை எடுத்து எழுதினார். எழுதிய பிறகு பிள்ளையை இன்னொரு தரம் நடக்கச் சொன்னார். அது ஃபைலுக்காக இல்லை.

கொழும்புக் கடிதம் இந்த முறை பதினொரு நாளில் வந்தது. பிள்ளையின் இரண்டு காலும் நல்ல நிலையில் இருப்பதால் சிகிச்சை தேவைப்பட்டது நிரூபிக்கப்படவில்லை. முன்னர் கொடுத்த அறுபத்து நாலு ரூபாயைக் கருணை அடிப்படையில் திருப்பிக் கேட்க மாட்டோம்.

றுக்கியா அந்தக் கடிதத்தையும் ஸல்ஹாவையும் கொண்டு மிஸியிடம் போனாள். நொண்டச் சொன்னதையும் மறைக்காமல் சொன்னாள். காசுக்காக ஏசுவாள் என்றுதான் எதிர்பார்த்தாள். மிஸி கடிதத்தை மேசையில் போட்டாள்.

"இழுத்து நடந்தவளோ? குதிக்காலைத் தூக்கினவளோ?"

இல்லை என்றாள் றுக்கியா. மிஸி நம்பவில்லை. முன்னறையில் பிள்ளையைப் பத்துத் தரம் நடக்கவிட்டுப் பார்த்த பிறகுதான் கதிரையில் இருந்தாள்.

பாக்கியை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்திருந்தால் சொல்லுவதற்கு நன்றாக இருக்கும். ஆனால் அவளுக்கும் வீட்டு வாடகை இருந்தது. மாதம் இருபது ரூபாய் தரலாம் என்று ஸஹாப்தீன் சொல்லிவிட்டிருந்தான். அவள் சரி என்றாள். கப்பல் நிற்கிற மாதங்களில் அவன் இரவு முறையும் எடுத்து வின்ச் ஓட்டினான். கப்பல் இல்லாத மாதங்களில் றுக்கியா பாய் இழைத்து விற்றாள். முப்பத்திரண்டு மாதமும் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. சோமசேகரம் இடையில் ஒருநாள் பஸ்ஸில் கண்டு, மேல்முறையீடு செய்யலாம், படிவம் தன்னிடம் இருக்கிறது என்றார். றுக்கியா வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் மனம் நோகாமல், பிறகு வருகிறேன் என்றாள்.

கடைசி இருபது ரூபாய் கொடுக்கப் போனது ஒரு பள்ளிக்கூட விடுமுறை நாள். ஸல்ஹாவுக்கு எட்டு வயது நடந்துகொண்டிருந்தது. மிஸி காசை எண்ணாமல் மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, பிள்ளையை வலது காலில் மட்டும் நின்று இருபது வரை எண்ணச் சொன்னாள். ஸல்ஹா பதினாலில் சரிந்தாள். திரும்பவும் நிற்கச் சொன்னாள். பதினேழு.

கடன் முடிந்துவிட்டது, இனி எதற்கு என்று றுக்கியா கேட்கவில்லை. இருபது வரும்வரை மிஸி விடமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். இருபது வந்தபோது நாலு மணி பஸ் போய்விட்டிருந்தது. தாயும் மகளும் அடுத்த பஸ்ஸுக்காகச் சந்தி வரை நடந்தார்கள்.