மாடித் தக்காளி

நிழலின் விலை நான்கு லட்சம் என்பார் வைத்திலிங்கம். மேட்டுப்பாளையத்தில் உள்ள தன் ஒயின் ஆலையின் கூரைமேல் மண் கொட்டித் தோட்டம் போட ஆன செலவு அது. கீழே திராட்சைச் சாறு நொதிக்கும் கூடம் குளிர்ந்தது, கரண்ட் பில்லும் இறங்கியது. பாட்டில் கழுவும் பெண்கள் மாடித் தக்காளியை வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் அவர் கண்ணை உறுத்தியது. ஆலையைப் பார்க்க வருகிறவர்கள் போட்டோ எடுக்கச் செடியில் பழம் தொங்க வேண்டும் என்று பறிப்பதையே தடுத்துவிட்டார்; பறித்தவர்களைத் திருடி என்று ஏசவும் செய்தார்.

பழம் செடியிலேயே அழுகியது. அதற்கு வந்த சின்ன ஈக்கள் காற்றுத் துவாரம் வழியே கீழே ஒயின் தொட்டிக்குள் இறங்கின.

"ஒரு தொட்டி வினிகராயிடுச்சு சார். இன்னைக்கே மாடியச் சுத்தம் பண்ணாத்தான் மீதி மூணும் தப்பும்," என்றார் ஒயின் பக்குவம் பார்க்கும் முத்துவேல்.

வைத்திலிங்கம் கூடையோடு பாட்டில் கழுவும் தனத்திடம் ஓடினார். "எல்லாத்தையும் பறிச்சுக்கம்மா, சும்மாவே எடுத்துக்க."

"அழுகினதும் சும்மா குடுக்கறீங்களா மொதலாளி? பெரிய மனசுதான். ஆளுக்கு ரெட்டைக் கூலி. எங்களத் திருடின்னு சொன்னீங்களே, அதுக்குத் தனி."

பேரத்திலேயே ஊறியவர் உடனே சரி என்று தலையை ஆட்டினார்.

சாயங்காலம் கணக்குப் பார்த்தார். மூன்று தொட்டி தப்பியது, ஒன்று போனது, மாடியைச் சுத்தம் செய்த ஆறு பெண்களுக்கும் இரட்டைக் கூலி கொடுத்தாயிற்று. அந்தத் தனிக் கணக்கு மட்டும் பாக்கி.