சுருக்கி எழுதப்பட்ட இஸ்ரவேல்

1.

ஐம்பத்திரண்டு மணித்தியாலம், நாற்பது நிமிடம். 1986இல், செங்கலடியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்ட நல்லரத்தினம் ஆயுத இயக்கத்து முகாமில் இருந்த நேரம் அது. ஆனால் கதை அங்கிருந்து பிறக்கவில்லை. அவர் திரும்பிவந்த ஞாயிற்றுக்கிழமை, சபை ஆராதனையில் அருமைநாயகம் மாஸ்டர் இருந்த வாங்கில் வேறு ஒருவரும் உட்காரவில்லை. அதிலிருந்து பிறந்தது.

[முதலில் இப்படித் தொடங்கினேன்: “மட்டக்களப்பு வாவியின்மேல் மாலை வெயில்…” வெயிலுக்கு இதில் வேலையில்லை.]

2.

வாவிக்கரையில் சிறிய சபை. புதன்கிழமைகளில் வேத ஆராய்ச்சி. யார் என்ன சொன்னார் என்று கொப்பியில் எழுதி, அவரவரிடம் கையெழுத்து வாங்குவது அங்கே வழக்கம். எழுதுகிறவள் நேசமலர், விஞ்ஞானப் பட்டதாரி, நாலு பேர் முன்னால் பேசக் கூசுகிறவள்.

அன்று எடுத்தது, பவுல் இஸ்ரவேலை ஒலிவ மரமாகவும் மற்ற ஜனங்களை அதில் ஒட்டிய காட்டுக்கிளையாகவும் சொல்லும் இடம். இனி இஸ்ரவேல் என்றால் சபைதான், யூதருடைய வாக்குத்தத்தம் நமக்கு மாறிவிட்டது, பழைய மரம் பட்டுப்போனது என்றார் மாஸ்டர்.

“பட்ட மரத்தில ஆராவது ஒட்டுவாங்களா மாஸ்டர்? உங்கட வளவு மாமரத்தில ஒட்டினதே நான்தானே,” என்றார் நல்லரத்தினம்.

சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை.

பிறகு நல்லரத்தினம் நாற்பது நிமிடம் பேசினார். தேவன் அந்த ஜனத்தைக் கைவிடவில்லை, அவர்களுக்காக ஜெபிக்கவேண்டும் என்றார். அதற்காக இன்றைய இஸ்ரேல் அரசாங்கம் செய்வதெல்லாம் சரியென்று ஆகாது என்றும் சொன்னார்.

இஸ்ரேல்காரர் வந்து, இயக்கங்களோடு மோதும் அரசாங்க அதிரடிப்படைக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேசிய காலம். மாஸ்டர் எழும்பும்போது கேட்டார்: “இத இயக்கத்துப் பொடியன்மார் கேட்டா என்ன சொல்லுவீர்?”

கொப்பியில் நேசமலர் எழுதியது ஒரு வரி: “இஸ்ரவேலுக்காக ஜெபிக்கவேண்டும்.” கீழே நல்லரத்தினத்தின் கையெழுத்து.

[அரசாங்கத்தைப் பற்றிய மற்ற வாக்கியத்தை ஏன் விட்டாள்? பரிசோதனை முடிவை ஒரு வரியில் எழுதிப் பழகியவள். நானும் அப்படித்தான். என் வரிகளையும் சந்தேகியுங்கள்.]

3.

முகாமில் அந்த வரியைச் சொல் மாறாமல் சொல்லிக் கேட்டார்களாம். [அவரை அவர்கள் அடித்து—] அதை அவர் பேசுவதில்லை. இடது காது இப்போது கேட்காது.

காட்டிக்கொடுத்தது மாஸ்டர்தான் என்று சபை முடிவெடுத்தது. வேறு யார் அப்படி மிரட்டினார்?

எனக்குச் சந்தேகம் நேசமலர்மேல். கொப்பி புதன்கிழமை அலமாரியில் இருந்தது. வெள்ளிக்கிழமையும் இருந்தது. எத்தனை முறை திருத்தினாலும் வியாழனை அவள் எழுத விடுவதில்லை.

4.

கதைக்கு நான் எழுதிப்பார்த்த முடிவுகள். மாஸ்டரே ஒப்புக்கொள்கிறார்: எல்லோருக்கும் வசதி, ஆனால் பொய். யாரோ அலமாரியை உடைத்தார்கள்: பூட்டு முறியவில்லை. நேசமலருக்குக் கொழும்பில் வேலை கிடைக்கிறது, விஷயம் ஆறிப்போகிறது: இதை முழுவதும் எழுதினேன். நன்றாகவே வந்தது. அதனால்தான் கிழித்தேன்.

5.

மாஸ்டரை இனித் திருவிருந்தில் சேர்ப்பதா என்று கூட்டம் கூடியது. முப்பத்தொரு வருடம் அந்த மேசையில் அப்பம் வாங்கியவர்.

“நான் சொல்லயில்ல. மறுகா உங்கட விருப்பம்,” என்றார்.

சேர்க்கக்கூடாது என்பவர்களைக் கை உயர்த்தச் சொன்னார்கள். எண்ணி எழுதவேண்டியவள் நேசமலர். பதினொன்றுவரை எண்ணினாள். நல்லரத்தினத்தின் கையும் மெல்ல எழும்பியது. அவள் பேனையை வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

சபை அவளை என்ன செய்தது என்பதை நான் எழுதமாட்டேன். அந்த வாங்குகளில் இருக்கப்போவது நீங்கள், நீங்களே தீர்மானியுங்கள். அவள் சொன்னது இது:

“என்னோட படிச்ச ஒருவர், இப்ப இயக்கத்தில. வாயால சுவிசேஷம் சொல்ல எனக்கு வெக்கம். வாசிச்சா சபைக்கு வருவார் எண்டு நினைச்சன். வியாழக்கிழமை கொப்பியக் கொண்டுபோய்க் குடுத்தது நான்.”