முப்பது வரை

லாரியின் பானெட்டுக்குள் பாதி உடம்பை விட்டுக்கொண்டு, நாலாவது ஹீட்டர் பிளக்கின் தலையில் டெஸ்ட் விளக்கின் முனையை அவள் வைத்தாள். விளக்கு எரிந்தது. மற்ற மூன்றிலும் எரியவில்லை. "மூணு போயிடுச்சு. ஒண்ணுக்கு உயிர் இருக்கு," என்றாள் யாரையும் பார்க்காமல்.

ஏழரை மணிக் குளிர். பத்து மணிக்குப் பழைய வண்டி உடைப்பவர் கொக்கி போட்டு இழுத்துப் போக வருகிறார். வீடு மாறுகிறவர்களின் கட்டிலையும் பீரோவையும் இருபது வருடமாகச் சுமந்த சின்ன லாரி அது. அவள் கணவர் கேபினில் இருந்த கயிறு, துண்டு, இருக்கைத் தலையணை எல்லாவற்றையும் ஓர் அட்டைப்பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். இனி ஏதோ ஒரு கம்பெனி வண்டிக்கு டிரைவராகப் போவதாக நேற்றே சொல்லிவிட்டார். சொன்னபோது சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

காலைக் குளிரில் இந்த மாதிரிப் பழைய டீசல் இன்ஜின் எழுந்திருக்க வேண்டுமென்றால், சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் இந்தப் பென்சில் பருமன் பிளக்குகள் முதலில் உள்ளே சூடேற்ற வேண்டும். போன மாதம் பழைய பிளக்குகளைக் கழற்றிப் புதுசு மாட்டியது அவள் தம்பி. மெக்கானிக். இரண்டு வாரத்தில் அவை அவிந்தன. மறுபடி மாட்டினான். இதோ, அவையும்.

"இன்ஜின் பிளக்கைத் தின்னுதுக்கா. உள்ள ஏதோ கெட்டுப் போச்சு. மாமாகிட்ட அதான் சொன்னேன், வித்துடுங்கன்னு," என்றான் தம்பி.

கருகிய மோட்டார்களுக்குச் செப்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுவது அவள் பிழைப்பு. எந்தக் காயிலும் தானாகக் கருகியதாக அவள் பார்த்ததில்லை. பின்னால் ஒரு கை இருக்கும், அந்தக் கைக்கு ஒரு பழக்கம் இருக்கும். கொண்டுவருகிறவர்கள் மட்டும் சத்தியம் செய்வார்கள், சும்மா ஓடிக்கிட்டிருந்துச்சும்மா என்று.

"என்னங்க, தினமும் எப்படி ஸ்டார்ட் பண்ணுவீங்களோ, அப்படியே பண்ணிக் காட்டுங்க. பிளக்குக்குப் போற கரண்டைக் கழட்டிட்டேன், பட்டனை மட்டும் அழுத்துங்க."

"எதுக்கு?"

"சொல்றேன், உக்காருங்க."

உட்கார்ந்தார். பிளக்குகளுக்குக் கரண்டைக் கொடுத்து நேரத்துக்கு நிறுத்தும் ரிலே என்றோ செத்துப்போய், அதற்குப் பதிலாகத் தம்பி மாட்டிக்கொடுத்த அழைப்பு மணி பட்டன் ஒன்று டேஷ்போர்டில் இருந்தது. அதில் கட்டைவிரலை வைத்து எண்ண ஆரம்பித்தார். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த எண்ணிக்கை அது. அவசரமே கிடையாது. பத்தில் ஒரு மூச்சு, இருபதில் ஒரு மூச்சு, முப்பதில் விரலை எடுத்துவிட்டுச் சாவி. குளிர் நாளென்றால் வண்டி மேல் உள்ள பாசத்தில் கூட ஓர் ஐந்து.

அவள் தம்பியிடம் திரும்பினாள். "நீ மாட்டினது பழைய ரகமா?"

"பழசு இப்ப எங்கக்கா கிடைக்குது? இது புது ரகம். மரை ஒண்ணுதான், நீளம் ஒண்ணுதான். கச்சிதமா உக்காந்துச்சு."

"எத்தனை நேரத்துல சிவக்கும்?"

தம்பி பின்கழுத்தைச் சொறிந்தான். "சீக்கிரம்."

உயிரோடிருந்த அந்த ஒன்றையும் அவள் கழற்றினாள். தம்பி தடுக்கப் பார்த்தான். காதில் போட்டுக்கொள்ளவில்லை. பட்டறை மேசையில் இருந்த வைஸின் இரும்புத் தாடையில் கவ்வவிட்டு, பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்தாள். "வாங்க. இப்ப இதைப் பார்த்துக்கிட்டே எண்ணுங்க."

ஒயரைத் தொடவைத்தாள். அவர் எண்ணினார். எட்டில் முனை செக்கச்செவேலென்று ஆனது. பதினைந்தில் மஞ்சளுக்கு மாறியது. இருபதில் அவர் மூச்சு வாங்கினார். இருபத்து மூன்றில் சின்னதாக ஒரு சத்தம், பிறகு முனை கறுத்துப் போனது. பழக்க தோஷத்தில் இருபத்தாறு வரை எண்ணிவிட்டுத்தான் அவர் நிறுத்தினார்.

"அப்ப நான்தானா," என்றார்.

பூசி மெழுக அவளுக்கு மனம் வரவில்லை. "நீங்கதான். பழசுக்கு முப்பது வேணும், இதுக்கு எட்டு போதும். புது ரகம்னு வாயைத் திறந்து சொல்லாத இவனும்தான். இன்ஜின் பாவம், அது ஒண்ணும் பண்ணலை."

தம்பி அசடு வழிந்தபடி பைக்கை எடுத்தான், புது பிளக்குகள் வாங்கிவர. அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. மனிதர் ஒவ்வொரு காலையும் எவ்வளவு அக்கறையாக, ஒன்று குறையாமல் எண்ணி எண்ணிப் பிளக்குகளைக் கொன்றிருக்கிறார்.

நாலையும் மாட்டி முடித்தபோது பத்துக்கு ஐந்து நிமிடம். இழுவை வண்டி தெரு முனையில் பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. கணவர் ஏறி உட்கார்ந்தார். கட்டைவிரலைப் பட்டனில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"நீயே எண்ணு. என் நாக்கு முப்பதுக்கு முன்னாடி நிக்காது."

அவள் கதவருகே நின்று எண்ணினாள். அவருடைய வேகத்திலேயே எண்ணினாள். ஏழு வந்தபோது இழுவை வண்டி வாசலுக்கே வந்து நின்றுவிட்டது, கொக்கியின் சங்கிலி தரையில் விழுந்தது.

"எட்டு," என்றாள்.

விரல் அசையவில்லை. மேற்கொண்டு எண்ண அவர் உதடுகள் துடித்தன. அவள் அவரையே பார்த்தாள். கட்டைவிரல் மெல்ல மேலே வந்தது, நுனியில் பட்டனின் வட்டம் வெள்ளையாகப் பதிந்திருந்தது. அதே கையை அவர் சாவிக்குக் கொண்டுபோனார்.