வளைவுக்கு அந்தப் பக்கம்

பெயிண்டருக்கு இரும்பைக் கண்டால் கை சும்மா இருக்காது. வீட்டுக் கேட், ஜன்னல் கம்பி, தண்ணீர்க் குழாய், மாடிப்படிக் கைப்பிடி என்று தொட்டதெல்லாம் ஒரே நீலம். எப்போதோ ஒரு பள்ளிக்கூடத்துக்கு அடித்தபோது மிஞ்சிய டப்பாக்கள் அள்ள அள்ளக் குறையாமல் பரணில் கிடந்தன. மகள் கல்யாணம் நிச்சயமானபோது, புருஷன் வீட்டு கேட் பச்சை என்று கேள்விப்பட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டாள்.

மனைவி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை நர்ஸம்மா என்றுதான் கூப்பிடும். ஓய்வு என்ற சொல்லே அவருக்கு ஆகாது. வீட்டுக்குப் பின்னால் புதர் மண்டிக் கிடந்த நிலத்தைத் தாமே கொத்தித் திருத்தி, சர்க்கரைவள்ளி போட்டிருந்தார். வாழ்க்கையில் முதல் வெள்ளாமை. வார்டைச் சுற்றிவந்த பழக்கத்தில் தினமும் காலையில் பாத்தி பாத்தியாகச் சுற்றிவருவார். வாடிய கொடியைக் கண்டால் நாடி பிடித்துப் பார்க்காத குறைதான்.

அந்தத் தோட்டத்தில் முள்ளம்பன்றி புகுந்தது. வயிறாரத் தின்றுவிட்டுப் போனாலாவது மனசு ஆறும். இதுவோ ஒரு கிழங்கைக் கடித்து, பக்கத்துக் கிழங்கை ருசி பார்த்து, இன்னும் பத்தைத் தோண்டி உருட்டிவிட்டுப் போயிருந்தது. நர்ஸம்மா பாத்தியோரம் உட்கார்ந்து, பல் பட்ட கிழங்குகளை மடியில் போட்டுக்கொண்டு அழுதேவிட்டார். அதைப் பார்த்த பெயிண்டருக்கு ரத்தம் கொதித்தது.

யோசனைக்கா பஞ்சம்? பூட்டுக்கடைக்காரர் பழத்துக்குள் விஷம் வைக்கச் சொன்னார். எதிர்வீட்டுக்காரர், வெறும் கம்பியை இழுத்து மோட்டார் லைனிலிருந்து கரண்ட் கொடுத்துவிட்டால் விடிவதற்குள் விஷயம் முடிந்துவிடும் என்றார். பெயிண்டருக்கு இது பிடித்துப்போய், கம்பி வாங்கச் சட்டையும் மாட்டிவிட்டார். நர்ஸம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“கரண்ட் அடிச்சவங்களையும் விஷம் குடிச்சவங்களையும் நான் பாத்திருக்கேன். நீங்க பாத்ததில்ல. என் கிழங்குக்காக ஒரு உசுரு அப்படிப் போக வேணாங்க.”

அதற்கு மேல் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது. பெயிண்டர் சட்டையைக் கழற்றினார். கூண்டு வைத்துப் பிடிப்பது, பிடித்ததை வண்டியில் ஏற்றிக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று முடிவாயிற்று.

வெல்டிங் பட்டறையிலிருந்து கூண்டு வந்து இறங்கியது. புத்தம்புது இரும்பு, மேலே ஒரு பூச்சு இல்லாமல் நிற்கிறது. பெயிண்டருக்கு மனசு கேட்குமா? சாயங்காலமே நீலத்தை அடித்து, உள்ளே இரண்டு கிழங்கை வைத்து, பாத்தி நடுவே நிறுத்திவிட்டு வந்தார். பனியில் பெயிண்ட் காயாது என்று ஊருக்கெல்லாம் பாடம் சொல்கிறவர்தான் அவர். தன் வீடு என்று வந்தபோது மறந்துபோயிற்று.

காலையில் பார்த்தால், ஒரு காது கிழிந்த முள்ளம்பன்றி கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்து, பாதிப் பெயிண்டை முதுகில் வாங்கிக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்தது. நர்ஸம்மா குனிந்து, பெயிண்ட் முள்ளோடு நின்றுவிட்டது, தோலில் படவில்லை என்று பரிசோதித்து முடித்த பிறகுதான் வண்டியில் ஏற்றவிட்டார்.

காடு பக்கத்திலா இருக்கிறது? சின்ன லோடு வண்டி. முதுகுக்குப் பின்னால் கூண்டு. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது முள்ளை உதறும் சத்தம் கேட்டு, பெயிண்டரின் பிடரி கூசியது. போதாக்குறைக்கு, பெயிண்டர் சுவரைச் சுரண்டிப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்த வீட்டின் சொந்தக்காரர் போனுக்கு மேல் போன் போட்டார். ஊருக்கு வெளியே குன்றைச் சுற்றிப் போகும் சாலையில் பெரிய வளைவு ஒன்று வரும். அந்த வட்டாரத்தில் எலியோ குரங்கோ எதைப் பிடித்தாலும் அந்த வளைவைத் தாண்டி இறக்கிவிட்டு, காட்டில் விட்டாச்சு என்று சொல்வது ஊர் வழக்கம். பெயிண்டரும் வண்டியை நிறுத்தினார்; கூண்டைத் திறந்தார். முள்ளம்பன்றி புதருக்குள் போய் மறைந்தது.

வண்டியைத் திருப்பும்போதுதான் கீழே சரிவில் ஒரு பச்சை கேட் கண்ணில் பட்டது. சம்பந்தி வீடு. சம்பந்தியம்மாவின் பூசணித் தோட்டம். பெயிண்டர் அவசரமாக வண்டியைக் கிளப்பினார். முள்ளம்பன்றி மேலே ஏறிப் போகும், கீழே ஏன் இறங்கப் போகிறது என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். காட்டில் விட்டாச்சா என்று மனைவி கேட்டார். ஆச்சு என்றார். அவ்வளவு தூரம் போய்வந்த மனுஷன் என்று நர்ஸம்மா ஏலக்காய் தட்டிப்போட்டு டீ கொடுத்தார். பெயிண்டர் டம்ளரைத் தொடாமல் குளிக்கப் போனார்.

அடுத்த வாரமே மகளிடமிருந்து போன் வந்தது. அத்தை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னார்களாம். ஆசையாக வளர்த்த மகள் வாழும் வீடு. அங்கே “உங்கப்பா” என்று இழுத்து ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது என்பதுதான் கல்யாணமான நாளிலிருந்து பெயிண்டருக்கு இருக்கிற ஒரே பயம். அன்று லோடு வண்டியை ஆமை வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனார்.

சம்பந்தியம்மா வாய்க்கு ஊரே அடங்கும். ஆனால் பந்தியில் உட்கார வைத்துப் பரிமாறுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவர் கணவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்; அதிகம் பேசாத டிரைவர். சாப்பாடு பாதியில் இருக்கும்போது, சம்பந்தியம்மா பூசணி நாசமான கதையைத் தொடங்கினார். காய் காயாகப் பல் போட்டு வைத்திருக்கிறதாம், ஒன்றைக்கூடச் சந்தைக்குக் கொண்டுபோக முடியாதாம். உடனே நர்ஸம்மாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. தங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்றும், ஆனாலும் இவர் வேலையை எல்லாம் விட்டுவிட்டு அதைக் காடு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார் என்றும் சொன்னார். இந்தக் காலத்தில் யார் அப்படிச் செய்வார்கள் என்று வேறு கேட்டார். பெயிண்டர் தட்டுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

“அப்படின்னா சம்பந்திகிட்ட ஒண்ணு காட்டணும். கை கழுவிட்டு வாங்க” என்றார் சம்பந்தியம்மா.

கொல்லைப்புறத்தில் ஒரு கூண்டு. காலையில்தான் மாட்டியதாம். உள்ளே முதுகெல்லாம் நீலமாக ஒரு முள்ளம்பன்றி. பக்கத்தில் கம்பிச் சுருள் ஒன்று பிரிக்காமல் கிடந்தது. இதற்குச் சொந்தபந்தம் எத்தனை இருக்கிறதோ, நாளைக்கே கரண்ட் இழுத்து இதையும் சேர்த்து மொத்தமாகக் கணக்கை முடித்துவிடலாம் என்று வாங்கியதாக டிரைவர் சொன்னார். எந்தப் படுபாவி இதற்குப் பெயிண்ட் அடித்து இந்தப் பக்கம் துரத்திவிட்டான் என்று சம்பந்தியம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

மகள் அந்த நீலத்தைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த நீலம். அப்பாவைத் திரும்பிப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தாள். நர்ஸம்மா முள்ளைப் பார்த்தார். பிறகு கணவருடைய நகக்கண்ணைப் பார்த்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பிக்கலாம். மகள் சொல்ல மாட்டாள், மனைவியும் சபையில் காட்டிக்கொடுக்க மாட்டார். ஆனால் அந்தக் கம்பிச் சுருள் பெயிண்டரை உறுத்தியது. தான் செய்த சோம்பேறித்தனத்துக்கு இது நாளைக்குக் கரண்டில் துடிக்கப் போகிறது.

“அந்தப் படுபாவி நான்தான், சம்பந்தி” என்றார். “காட்டுக்கெல்லாம் போகல. வளைவுலயே விட்டுட்டுத் திரும்பிட்டேன். இவகிட்டயும் பொய்தான் சொன்னேன்.”

பெயிண்டர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். சம்பந்தியம்மா வாயைத் திறக்கப் போனார். அதற்குள் டிரைவர் கூண்டருகே குத்தவைத்து உட்கார்ந்து, முள்ளம்பன்றியின் காதை உற்றுப் பார்த்துவிட்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார்.

“கிழிஞ்ச காது. இது நம்ம ஆளுதான். போன மாசம் நாமதானே பிடிச்சு, வளைவுக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்தோம்.”

அந்தப் பக்கம் என்றால் நர்ஸம்மாவின் கிழங்குத் தோட்டம் இருக்கும் பக்கம். ஊரையே அடக்கும் சம்பந்தியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயில் ஜாஸ்தி என்றார். மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, வீட்டுக்குள் ஓடிவிட்டாள்.

நர்ஸம்மா மட்டும் சிரிக்கவில்லை. இப்போதே கிளம்பலாம், எல்லோரும் சேர்ந்து போகலாம், நிஜமான காட்டுக்கே போகலாம் என்றார். மகளை வீட்டுக்குக் காவல் வைத்துவிட்டு, பெண்கள் இருவரும் முன்னால், ஆண்கள் இருவரும் பின்னால் கூண்டைப் பிடித்துக்கொண்டு என்று வண்டி கிளம்பியது. ஓட்டியது நர்ஸம்மாதான். இனி இந்த விஷயத்தில் வேறு யாரையும் நம்புவதாக இல்லை.

காட்டின் ஓரத்தில் தார்ச்சாலை முடிந்தது. அங்கே அவரைக்கொடி படர்ந்த சின்னத் தோட்டம் ஒன்று இருந்தது. மண்வெட்டியோடு ஒரு பெண் நிமிர்ந்து, வண்டியையும் கூண்டையும் பார்த்தார். கோபப்படவில்லை. வழி கேட்டவர்களிடம் பேசுகிற மாதிரிதான் பேசினார்.

“எல்லாரும் இங்கதான் கொண்டாந்து விடறாங்க. நாங்க எங்க கொண்டுபோய் விடறது?”

நர்ஸம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. ஒரு உயிர் போகக் கூடாது என்று நினைத்தவர், அது யார் தலையில் போய் விடியும் என்று நினைக்கவில்லை. வண்டியைத் திருப்பினார்.

வழியில் சம்பந்தியம்மாதான் பேச்சைத் தொடங்கினார். முள்ளம்பன்றி மண்ணைத் தோண்டி அடியில் நுழையும் பிராணி. கம்பிவலையை முழங்கால் ஆழத்துக்குப் புதைத்து வேலி போட்டால் முட்டி மோதிவிட்டுப் போய்விடும். முதுகொடியும் வேலை என்பதால்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டதாக அவர் ஒப்புக்கொண்டார். தோட்டத்துக்கு ஒரு வாரம் என்று இரண்டு குடும்பமும் சேர்ந்து தோண்டினால் ஆகாதா என்று நர்ஸம்மா கேட்டார். பின்னாலிருந்து டிரைவர், கம்பிச் சுருளைக் கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொள்வானா என்று விசாரித்தார்.

அதுவரை கூண்டில் இருப்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேறு போக்கில்லாமல் வளைவிலேயே நிறுத்தினார்கள். வெயில் தாழ்ந்திருந்தது. பெயிண்டர் கூண்டைத் திறந்தார்.

முள்ளம்பன்றி இந்த முறை ஓடவில்லை. நிதானமாக இறங்கி, சாலையோரப் பாறையைச் சுற்றிக்கொண்டு போயிற்று. நால்வரும் எட்டிப் பார்த்தார்கள். பாறைக்கு அடியில் ஒரு வளை. வாசலில் மண் வழவழவென்று தேய்ந்திருந்தது. பழைய முட்கள் சிதறிக் கிடந்தன. உள்ளேயிருந்து முள் முற்றாத குட்டி ஒன்று மூக்கை நீட்டியது. அம்மாவின் நீல முதுகை முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மியது.

பெயிண்டருக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார். இவர் இங்கிருந்து பிடித்து வளைவில் விட்டார். அவர்கள் அங்கிருந்து பிடித்து வளைவில் விட்டார்கள். காட்டில் விட்டாச்சு, காட்டில் விட்டாச்சு என்று மாறி மாறி அதை அதன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டிருக்கிறார்கள்.

“ரெண்டு பக்கமும் சாப்பாடு போட்டு, வண்டி வெச்சு வீட்டுல விட்டிருக்கோம்” என்றார் டிரைவர். “நான் அத்தனை வருஷம் பஸ் ஓட்டினேன். யாரையும் இப்படி வாசல் வரைக்கும் கொண்டுவிட்டதில்ல.”

நர்ஸம்மாவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் கட்டியது. பெயிண்டருக்கு உயிர் வந்தது. சம்பந்தியம்மா அந்த வளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிரிக்காத கம்பிச் சுருளும் அந்தக் குட்டியின் மூக்கும் ஒன்றாக நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பினார்.

“அது அதோட வீட்டுல இருக்கு. நம்ம தோட்டத்தைக் காப்பாத்த வேண்டியது நம்ம பாடு. நாளைக்குக் காலையில கடப்பாரையோட வந்துடறோம் சம்பந்தி, முதல்ல உங்க கிழங்குத் தோட்டம்.”