உதயகுமாரி எடுத்த துண்டு

1.
முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை என் தவறில் பிறந்தது.

2004 ஒக்ரோபர். ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் எங்கள் தமிழ்ப் பள்ளியின் வாணிவிழா, ஆயுத பூசை நாள். பட்டிமன்றத்துக்கு நான் நடுவர். அமெரிக்காவில் பத்து வருடம் இருந்த துப்பாக்கித் தடைச்சட்டம் ஒன்று அதற்கு முந்தைய மாதம்தான் காலாவதியாகியிருந்தது. 'போர்க்களத்துத் துப்பாக்கிகளைப் பொதுமக்கள் வைத்திருப்பதை அரசு தடைசெய்ய வேண்டுமா?' என்று தலைப்பு வைத்தேன். தூர தேசத்துக் கதை, யாருக்கும் நோகாது என்று நினைத்தேன்.

(மண்டபத்தில் இருந்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் மாலை போட்ட படம் தொங்குகிறது என்று நான் யோசிக்கவில்லை.)

2.
முதல் வரைவு: 'ஒஸ்லோவின் மேல் முதல் பனி மெல்ல—'

வேண்டாம். அன்று பனி இல்லை. மழை.

இரண்டாம் வரைவு: உதயகுமாரி முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து வந்தாள். ஈரக் குடையை வாசலில் சாய்த்துவிட்டு, வெறும் அவல் டப்பாவுக்குள் கைவிட்டுத் துண்டுச் சீட்டு ஒன்றை எடுத்தாள். எங்கள் வழக்கம் அது. பேசும் பக்கத்தைப் பேச்சாளர் தெரிவு செய்வதில்லை. துண்டுதான் தெரிவு செய்யும்.

விரித்தாள். 'தடை வேண்டாம்.'

அவளுடைய தம்பி ஊரில் போர்க்காலத்தில் இறந்துபோனான் என்று எங்களுக்குத் தெரியும். எப்படி, யாரால் என்று ஒருவரும் கேட்டதில்லை. பதில் எந்தப் பக்கம் விரல் நீட்டுமோ என்ற பயம். அதை மரியாதை என்று சொல்லிக்கொள்கிறோம். பிறகுதான் அறிந்தேன்: அவனை வீட்டு வாசல் படலையடியில் வைத்து, அப்படியான துப்பாக்கி ஒன்றால் சுட்டிருந்தார்கள். துண்டை மாற்றித் தரச் சொன்னால் அவள் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் சுட்டது யார் என்பதும் வெளியே வரும். அவளுடைய அம்மா இன்னும் ஊரில் அந்த வீட்டில்தான் இருந்தார்.

ஆகவே துண்டை நான்காய் மடித்து வைத்துக்கொண்டாள்.

3.
குலேந்திரனுக்கு விழுந்தது 'தடை வேண்டும்.' பஸ் ஓடுகிறவர், லோறென்ஸ்கூக்கில் வீடு. எங்களுக்குள் வேட்டைத் துப்பாக்கி உரிமத்துக்கான பரீட்சை பாஸ் பண்ணிய ஒரே ஆள்.

[முதலில் அவரைத் துப்பாக்கி மோகம் பிடித்தவராக எழுதினேன். கதைக்கு வசதியாக இருந்தது. ஆனால் சுட்ட எல்க் மானின் இறைச்சியைப் பொதி பொதியாகக் கட்டி அயலெல்லாம் கொடுப்பவர் அவர். அழித்துவிட்டேன்.]

"மாஸ்டர், ஆயுத பூசை நாளிலை என்னை ஆயுதத்துக்கு எதிராய்க் கதைக்கச் சொல்லுறியள். அலுமாரிக்குள்ளை பூட்டிக் கிடக்கிறவர் கோவிக்க மாட்டாரோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"பகிடி இல்லை, மாஸ்டர். எனக்கு ஏலாது. தங்கச்சி, உம்மடை துண்டைத் தாரும். நாங்கள் மாத்துவம்."

"என்ன குலேந்திரன் அண்ணை," என்றாள் சிறிதேவி, அவல் கிண்ணங்களை அடுக்கியபடி. "எல்க்கைச் சுடுற ஆளுக்கு மைக்கைப் பிடிக்கப் பயமோ?"

"ஓம் பிள்ளை. பயம்தான்."

உதயகுமாரி நிமிர்ந்தாள். தான் துண்டை நான்காய் மடித்ததை இந்த மனிதர் பார்த்துவிட்டார்; தனக்காகத்தான் இந்தச் சிரிப்பை வாங்கிக்கொள்கிறார் என்று அவளுக்கு விளங்கியது. (அவள் எனக்குச் சொன்னதல்ல. குலேந்திரன் பிறகு சொன்னதிலிருந்து ஊகித்தேன்.) துண்டை நீட்டப் போனாள்.

"கிடைச்ச பக்கம்தான் கதைக்க வேணும்," என்றேன். "இல்லாட்டி இது பட்டிமன்றம் இல்லை, சந்தை."

நீட்டிய கை திரும்பிப் போனது.

4.
ஐந்து நிமிடம் அவளுக்கு. நன்றாகத்தான் தொடங்கினாள்.

"நடுவர் அவர்களே, தடை எண்டு சட்டம் போட்டால், சட்டத்துக்குப் பயந்தவன் துவக்கைக் கொண்டுபோய்க் குடுப்பான். மற்றவன் குடுக்க மாட்டான். மற்றவன் ஒரு பின்னேரம் படலையடிக்கு வந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு—"

நின்றுவிட்டாள். கிண்ணங்களின் சத்தமும் நின்றது.

எதிரணி இருக்கையிலிருந்து குலேந்திரன் எழுந்தார். "மாஸ்டர், நேரம் முடிஞ்சுது. மணியை அடியுங்கோ."

நேரம் முடியவில்லை. இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

[தீர்ப்பு என்ன என்று கேட்பீர்கள். தடை வேண்டும் என்றேன். இன்றும் அதையே சொல்வேன். கைதட்டினார்கள். ஆனால் எந்தச் சட்டமும் அந்தத் துண்டை அவள் கையிலிருந்து வாங்கியிருக்காது. ஒரு மனிதர் வாங்கப் பார்த்தார். நான் விடவில்லை.]

5.
முடிவு ஒன்று: நடுவர் மணியை அடிக்கிறார். அவள் இறங்கி வருகிறாள். குலேந்திரன் தேத்தண்ணீர் கொடுக்கிறார். ஊரில் அம்மா பத்திரம். அந்த வசனம் பாதியிலேயே—

முடிவு இரண்டு: நடுவர் மணியை அடிக்கவில்லை. வசனத்தை அவள் முடிக்கிறாள், தம்பி போன பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக. அதன் பிறகு மண்டபத்தில் யார் யார் அவளுடைய முகத்தைப் பார்ப்பார்கள் என்று—

இரண்டையும் பலமுறை எழுதிப் பார்த்துக் களைத்துவிட்டேன். எது அவளுக்குக் கருணை என்று எனக்குத் தெரியாது. கடவுளிடம் கேட்டிருக்கிறேன். உதயகுமாரியிடம் கேட்டதில்லை.

மணியை உங்கள் பக்கம் நகர்த்தி வைக்கிறேன். தொடுவதற்கு முன் அவளுடைய முகத்தை ஒருமுறை பாருங்கள். அன்று நான் பார்த்தது கடிகாரத்தை.