நீலாம்பாளின் வெண்கண்டல்

என் இடுப்பில் எப்போதும் ஒரு சின்னக் கத்தரி செருகியிருக்கும். பட்டில் ஒரு பிசிறு தலை தூக்கினாலும் எனக்குப் பொறுக்காது. கை தானாக இடுப்புக்குப் போய், சடக்கென்று வெட்டிவிட்டுத்தான் தறிக்குத் திரும்பும். குப்புசாமி நெய்த சேலையைத் தடவினால் வெண்ணெய் என்று காஞ்சிபுரத்தில் நாலு பேர் சொல்வார்கள். அந்தப் பெருமைதான் என்னை வசமாக மாட்டிவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் எனக்குக் கல்யாணம். மனைவி நீலாம்பாளுக்குக் கிள்ளை, உப்பங்கழியை ஒட்டிய ஊர். சீர்வரிசையோடு ஈரத்துணியில் சுற்றி, அவரைக்கொட்டை மாதிரி ஒரு விதையும் கொண்டுவந்திருந்தாள்.

"வெண்கண்டல்ங்க, எங்க ஊரு உப்பங்கழியில நிக்கற மரம். மரத்துல இருக்கறப்பவே உள்ளுக்குள்ள முளைச்சிடும். சேத்துல விழுந்தா அப்படியே வேர் புடிச்சுக்கும்."

கடல் எங்கே, காஞ்சிபுரம் எங்கே! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"இது இங்க பொழச்சா நானும் பொழச்சிடுவேன்" என்றாள்.

கொல்லையில் பட்டு அலசும் சிமெண்டுத் தொட்டி ஒன்றைக் காலி செய்து கொடுத்தேன். அவளே சேறு நிரப்பி நட்டாள்.

மூன்று வருஷத்தில் மரம் என் மார்பு உயரத்துக்கு வந்துவிட்டது. இலைக்கு மேலே பச்சை, அடியில் சாம்பல் வெளுப்பு. குடித்த உப்பை இலை வழியாகவே வெளியே தள்ளிவிடும். காலையில் நக்கிப் பார்த்தால் கரிக்கும். அப்படிக் கரித்தால் மரம் சௌக்கியம் என்று அர்த்தம் என்பாள்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு கிளம்பும்போது தொட்டியருகில் என்னை நிற்க வைத்துப் பாடம் நடத்தினாள். "காலையில உப்புத்தண்ணி ஊத்துங்க. சாயந்தரம் அடைப்பை எடுத்து வடிச்சிடுங்க. கடல் ஏறி எறங்கற மாதிரி இருக்கணும். நான் வர்றப்ப இது உசுரோட இருக்கணும்."

"நான் பாத்துக்கறேன், நீ தைரியமா போமா" என்றேன்.

சத்தியமாகப் பார்த்துக்கொண்டேன். பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று தந்தி வந்த அன்றுகூடத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் சர்க்கரை வாங்கப் போனேன். மறுமாதம் பார்க்கிறேன், மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக ஏதோ முளைத்திருந்தது. இலையில்லை, கிளையில்லை, இருபது குச்சிகள் வானத்தைப் பார்த்து விறைத்து நின்றன. பிசிறு! கை இடுப்புக்குப் போய்விட்டது. சேற்று மட்டத்துக்கு அத்தனையையும் வழித்தெடுத்துவிட்டு, "தொட்டியில் களை கண்டிருந்தது, ஒன்று விடாமல் வெட்டிவிட்டேன்" என்று பெருமையாக அவளுக்குக் கடிதமும் போட்டேன்.

நாலாம் நாள் இலைகள் பழுத்தன. தாகம் போலிருக்கிறது என்று தண்ணீரை வடிக்காமல் ராத்திரி பகலாக நிறுத்தி வைத்தேன். இலைகள் கொட்டத் தொடங்கின. அப்போதுதான் பதில் வந்தது.

"அது களை இல்லை. சேற்றுக்குள் காற்று கிடையாது. வேர்தான் மேலே வந்து மூச்சு விடும். அது எப்போது வரும் என்று மூன்று வருஷமாகக் காத்திருந்தேன். வெள்ளிக்கிழமை குழந்தையோடு வருகிறேன்."

அவ்வளவுதான். நலம் என்றுகூட ஒரு வார்த்தை எழுதவில்லை. மரம் போனால் அவள் இந்த ஊரில் எப்படி இருப்பாள்?

பக்கத்து வீட்டுத் தறிக்காரன் வீரபாகுவிடம் கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டுத் தொட்டியை எட்டிப் பார்த்தான்.

"அடப்பாவி! மூச்சு முட்டிக்கினு இருக்குது, நீ அது வாயில தண்ணி ஊத்திக்கினு இருக்கிறியேப்பா! அடைப்பைப் புடுங்கு!"

பிடுங்கினேன். அன்று முதல் சேறு ஈரமாக இருந்தால் போதும் என்று காலையில் மட்டும் ஊற்றி, உடனே வடித்தேன். புதன்கிழமை இலையை நக்கினேன், சப்பென்றிருந்தது. வியாழனும் அப்படியே. வெள்ளிக்கிழமை விடிந்ததும் சாமியைக் கும்பிட்டுவிட்டு நாக்கை வைத்தேன். கரித்தது!

"வீரபாகு! உப்பு! உப்பு!" என்று கத்தினேன். அவன் பல்குச்சியோடு ஓடிவந்து தானும் ஒரு இலையை நக்கிவிட்டு, "நல்லாத்தான்பா இருக்குது, மோர்ல போடலாம்" என்றான்.

மதியம் நீலாம்பாள் வந்தாள். குழந்தையைக் கூட வந்த தன் அப்பா கையில் கொடுத்துவிட்டு நேரே கொல்லைக்கு நடந்தாள். குனிந்து வெட்டுவாய்களைத் தடவினாள்.

"என்னமா சமமா வெட்டியிருக்கீங்க!"

அவள் ஒரு இலையைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். பிறகு சேற்றைக் கூர்ந்து பார்த்தாள். வெட்டிய கட்டை ஒன்றின் பக்கத்தில் கடுகளவு வெள்ளை நுனி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கண் நிறைந்துவிட்டது, வாய் சிரித்தது.

"பொழச்சிடுச்சுங்க."

"நீ?"

"நானுந்தான்" என்று கையை நீட்டினாள். "கத்தரியக் குடுங்க. தறியில உக்கார்றப்ப வாங்கிக்கலாம்."

உருவிக் கொடுத்தேன். அதைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, குழந்தையை வாங்கிவந்து என் மடியில் போட்டாள். என் பெண்! பூப்போல ஒரு முகம். உச்சந்தலையில் மட்டும் நாலு முடி வானத்தைப் பார்த்து விறைத்து நின்றது.

என் கை தானாக இடுப்புக்குப் போனது.

நீலாம்பாள் பார்த்துவிட்டாள். "அதுவும் மூச்சு விடட்டுங்க" என்றாள்.