புகை மணி

தலைக்கு மேல் கவிழ்த்திருந்த காந்த வளையம் டக் டக்கென்று அடிக்கத் தொடங்கியதும் சிம்னிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொழுதெல்லாம் அவன் இரும்பைத் தட்டுகிறான். இங்கே ஒரு மெஷின் அவன் மண்டையைத் தட்டுகிறது.

"வலிக்குதாண்ணா?" என்றாள் மெஷினை இயக்கும் பெண்.

"உள்ள சரக்கு இருந்தாத்தானேம்மா வலிக்க."

"சிரிச்சா வளையம் நகந்துடும். ஆடாம இருங்க."

சிம்னி என்பது வார்ப்பட ஆலையில் அவனுக்கு வைத்த பெயர். புகை விடுவதில் ஆலைக் கூரைமேல் நிற்கும் சிம்னிக்கும் அவனுக்கும்தான் போட்டி என்பார்கள். அந்தப் பெயர் இப்போது காலில் வந்து இறங்கியிருந்தது. இடது கால் விரல்கள் கறுத்துச் சில்லிட்டுக் கிடந்தன. சேர்ந்தாற்போல் கொஞ்ச நேரம் நின்றால் கெண்டைச்சதையை யாரோ குறடு போட்டு முறுக்குவது போல வலி எடுத்தது. ரத்தக்குழாய் டாக்டர் சுற்றி வளைத்துப் பேசவில்லை. "புகைய விட்டுட்டு வா, அடைச்ச குழாயச் சரி பண்ணக் கத்தி எடுக்கறேன். விடலன்னா கால எடுக்கத்தான் கத்தி எடுக்கணும்."

மிட்டாய் சப்பிப் பார்த்தான், மாத்திரை போட்டுப் பார்த்தான். எதற்கும் மசியவில்லை. கடைசியில்தான் இந்த மெஷினுக்கு அனுப்பினார்கள். மூளையில் ஆசை முளைக்கும் இடத்தைக் காந்தத்தால் தட்டித் தட்டி அடக்குமாம்.

தட்டுவதற்கு முன் அந்தப் பெண் அவன் கையில் ஒரு சிகரெட்டைக் கொடுப்பாள். பற்றவைக்கக் கூடாது. "கண்ண மூடுங்கண்ணா. எந்த இடத்துல இருந்தா உங்களுக்கு இதும்மேல ரொம்ப ஆசை வருமோ, அந்த இடத்த மனசுக்குள்ள கொண்டாங்க. எதுக்காக விடறீங்கன்னு வாய்விட்டுச் சொல்லுங்க."

"காலுக்காக" என்பான் சிம்னி. கண்ணை மூடியதும் ஆலைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகை வரும். அதற்குள் சுவரோரம் போட்டிருக்கும் நீளப் பலகை வரும். பலகையில் உட்கார்ந்து காலை நீட்டும்போது உள்ளங்காலிலிருந்து மேலே ஏறும் சுகம் வரும். சிகரெட் அந்தப் படத்தில் எங்கோ ஒரு மூலையில் புகைந்துகொண்டிருக்கும். இதையெல்லாம் அவளிடம் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. கொட்டகை என்றாலே சிகரெட்தானே என்று விட்டுவிட்டான்.

மெஷின் தன் வேலையைச் செய்தது. சில வாரங்களில் சிகரெட் வாடை அவனுக்குத் தலைமயிர் கருகுவது போல அடித்தது. பஸ்ஸில் பக்கத்து ஆளின் சட்டையில் வீசினாலே குமட்டியது. அவன் மனைவி துவைக்கப் போட்ட சட்டையை மோந்தாள், நம்பாமல் மறுபடி மோந்தாள்.

"இது என் புருஷன் சட்டைதானா? இல்ல எவனோடதையாவது மாத்திப் போட்டுக்கிட்டு வந்துட்டியா?"

மூச்சில் புகை இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் ஊதிப் பார்க்கும் கருவி பச்சை காட்டியது. ஆபரேஷன் நாள் வரைக்கும் பச்சையே காட்ட வேண்டும், ஒரு தடவை சிவப்பு எரிந்தாலும் கிடையாது என்றார் டாக்டர். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று.

ஆலையில் அவன் வேலை, ஆறிய வார்ப்புகளில் ஒட்டியிருக்கும் மண்ணைத் தட்டி உதிர்த்துப் பிசிறைக் கிரைண்டரில் தேய்ப்பது. முழுக்க நின்றபடி. டீயும் நின்ற இடத்துக்கே வரும், நின்றபடியே குடிக்க வேண்டும். அச்சுக்குப் பூசும் பெயிண்டில் ஸ்பிரிட் கலந்திருப்பதால் உள்ளே யாரும் நெருப்புப் பற்றவைக்கக் கூடாது. ஆகவே புகைப்பவர்களுக்கு மட்டும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை மணி அடிக்கும். புகை மணி என்பார்கள். அவர்கள் கொட்டகைக்குப் போகலாம், பலகையில் உட்காரலாம். மற்றவர்கள் வேலையைப் பார்க்க வேண்டியதுதான். சேர்ந்த புதிதில் சிம்னிக்கு எந்தப் பழக்கமும் இல்லை. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றவனைப் பார்த்துப் பக்கத்துக் கிரைண்டர்காரன்தான் சொன்னான்: "உட்காரணும்னா ஒண்ணப் பத்த வைடா, மடையா."

மெஷினுக்குப் போட்ட லீவு முடிந்து வேலைக்கு வந்தவன், மணி அடித்ததும் வெறுங்கையோடு போய்ப் பலகையில் உட்கார்ந்தான். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார்.

"என்னடா சிம்னி, புகையக் காணோம்?"

"விட்டுட்டேன் சார்."

"அடி சக்கை! நல்ல காரியம். அப்ப எந்திரி."

"சார்?"

"தம் அடிக்காதவனுக்குத் தம் கொட்டகையில என்னடா வேலை? அங்க சரக்கு மலை மாதிரி கெடக்கு."

"கால் வலி உசிரு போகுது சார். செத்த நேரம்..."

"வலிச்சா லீவு போட்டு வீட்ல படு."

லீவெல்லாம் மெஷினுக்கே போய்விட்டது. எழுந்து போனான். அன்று வேலை முடிவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும்படி ஆயிற்று.

மறுநாள் பற்றவைக்காத சிகரெட் ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கொட்டகையே சிரித்தது.

"பத்த வைக்காத சிகரெட்டுக்கு எதுக்குடா பலகை?" என்றார் சூப்பர்வைசர். "கிரைண்டர்கிட்ட நின்னுக்கிட்டே சொருகிக்கோ."

அவர் போனதும் வெல்டர் தன் சிகரெட் நுனியை நீட்டினான். "பத்த வெச்சுக்கண்ணே. சும்மா வாயில வெச்சு ஊது, உள்ள இழுக்காத. உன் கால் தப்பிச்சிரும், பலகையும் கெடைக்கும்."

"குமட்டுதுடா."

"குமட்டினா குமட்டட்டும். உட்காந்துக்கிட்டுத்தானே குமட்டுது."

பற்றவைத்தான். கண்ணில் நீர் வந்தது. எச்சில் துப்பித் துப்பிக் கால்மாட்டில் ஈரமாகிவிட்டது. சும்மா பிடித்திருந்தால் நெருப்பு அணைந்துவிடும். அணையாமல் இருக்க இழுக்க வேண்டும். இழுத்தால் கொஞ்சமாவது உள்ளே போகத்தான் செய்யும். ஆனால் கால் நீண்டிருந்தது. குறடு கழன்றது. மறுமணிக்கும் போனான். அதற்கு மறுநாளும் போனான்.

ஆபரேஷனுக்கு முந்திய சோதனையில் ஊதினான். சிவப்பு எரிந்தது. மெஷின் பெண் தன்னையே யாரோ ஏமாற்றிவிட்டது போலப் பார்த்தாள். டாக்டர் பேனாவை மூடினார்.

"மெஷின் பாதிதான்யா. மீதி உன் மனசு. உன் கால் மேல உனக்கே அக்கறை இல்லன்னா நாங்க என்ன பண்ண?"

"ஆசையில்ல சார். நெசமாவே இல்ல. பார்த்தாலே வாந்தி வருது."

"ஆசையில்லாம எவன்யா குடிப்பான்? மாட்டிக்கிட்டவன் எல்லாரும் இதத்தான் சொல்றான்." அடுத்த முறை வரும்போது எந்த இடத்தில் வெட்டுவது என்று பேசலாம் என்றார்.

வெளியே மனைவி அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"ஆசையே போயிடுச்சுன்னு சொன்னியேய்யா."

"போயிடுச்சு."

"அப்புறம் எதுக்குக் குடிச்ச?"

"உட்கார."

அவளுக்கு விளங்கவில்லை. மணியை, பலகையை, சூப்பர்வைசரை ஒவ்வொன்றாகச் சொன்னான். கேட்கக் கேட்க அவள் முகம் இறுகியது.

"என் புருஷனுக்குச் சிகரெட்டுப் பைத்தியம்னு ஊரெல்லாம் சொல்லி அழுதேன். இத்தன வருசமா ஒரு ஸ்டூலுக்காய்யா குடிச்ச? வாயத் தொறந்து சொல்லத் தெரியாதா உனக்கு?"

அடுத்த நாள் காலையில் அவள் வீட்டிலிருந்த ஒரே பிளாஸ்டிக் ஸ்டூலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவனோடு ஆலை வாசலுக்கு வந்தாள். வாட்ச்மேன் மறித்தான். சூப்பர்வைசர் வந்தார். அவள் முதலில் கெஞ்சினாள், பிறகு கத்தினாள். புருஷனின் செருப்பைக் கழற்றிக் கறுத்த விரல்களைக் காட்டினாள். சூப்பர்வைசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. அவர் குரலில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

"ஒருத்தனுக்கு ஸ்டூல் உள்ள விட்டா நாளைக்கு எல்லாரும் உட்காருவான்மா. அப்புறம் வேலை யாரு பாக்கறது? நான் மொதலாளிக்கிட்ட என்ன சொல்ல? அவன் தம் அடிக்கிறவன்தானே, மணி அடிச்சா போய் உட்காரட்டும். நானா வேணாங்கறேன்?"

வேலைக்கு நேரமாகிவிட்டது. அவன் உள்ளே போனான். அவள் ஸ்டூலை வாசலிலேயே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

காலைப் புகை மணி அடித்தபோது சிம்னி ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தான். வாசலில் வாட்ச்மேன் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான். கொட்டகையில் வெல்டர் பலகையில் இடம் ஒதுக்கினான். சிம்னி உட்கார்ந்து காலை நீட்டினான். வாயில் ஊறிய எச்சிலைத் துப்பிவிட்டுச் சிகரெட்டை உதட்டில் வைத்தான்.

"நெருப்பு குடுடா" என்றான்.